யாருடைய திறப்பு? – வேலை தேடுவோரின் அந்தரங்கம் குறித்துச் சில சிந்தனைகள்

வேலை தேடி வருபவரிடம் வேலை கொடுப்பவர் எதையெதைக் கேட்கலாம்? என்ன படித்தீர்கள், முன்பு எங்கே வேலை செய்தீர்கள், அதை ஏன் விட்டீர்கள் என்ற கேள்விகளை யாரும் குறை சொல்வதில்லை. ஆனால் 'உங்கள் வீட்டுத் திறப்பைத் தாருங்கள், ஒருமுறை உள்ளே போய்ப் பார்த்துவிட்டு வேலை தருவதா இல்லையா என்று சொல்கிறோம்' என்று கேட்டால் நாம் எழுந்து வந்துவிடுவோம். குறைந்தபட்சம், அப்படி எழுந்து வந்துவிடுவோம் என்று எம்மைப் பற்றி நாம் நினைத்துக்கொண்டிருக்கின்றோம். வீட்டுத் திறப்புக்குப் பதிலாக முகநூலின் கடவுச்சொல்லைக் கேட்டபோது என்ன நடந்தது என்பதை அமெரிக்காவில் நடந்த இரண்டு சம்பவங்கள் காட்டுகின்றன.

முதலாவது, மொன்ரானா மாநிலத்தின் போஸ்மன் நகரம். 2009 யூன் மாதத்தில் இந்த நகரசபையின் படிவம் ஒன்று செய்தியாகியது. வேலைக்கு விண்ணப்பிப்போரின் பின்னணியை ஆராய்வதற்கான அந்தப் படிவம், அவர்கள் சேர்ந்திருக்கும் இணையக் குழுக்கள், அரட்டை அறைகள், பேஸ்புக், கூகிள், யாகூ, யூரியூப், மைஸ்பேஸ் ஆகியவற்றின் பயனர் பெயர்களையும் கடவுச்சொற்களையும் எழுதித் தருமாறு கேட்டது. செய்தி வெளிவந்து எதிர்ப்புக் கிளம்பியதும் சில நாட்களிலேயே நகரசபை இதனைக் கைவிட்டது. இதில் இரகசியமாக எதுவும் நடக்கவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். முகவரியைக் கேட்பதுபோல, ரெலிபோன் இலக்கத்தைக் கேட்பதுபோல, ஒரு சாதாரணக் கேள்வியாகவே அது படிவத்தில் இருந்தது.

இரண்டாவது, மேரிலண்ட் மாநிலம். றொபேர்ட் கொலின்ஸ் என்பவர் அம்மாநிலத்தின் சிறைச்சாலைத் திணைக்களத்தில் அலுவலராக வேலை செய்தவர். தாயார் இறந்ததையடுத்து விடுப்பில் நின்று, 2010ஆம் ஆண்டின் இறுதியில் வேலைக்குத் திரும்புவதற்கான நேர்முகத்துக்குச் சென்றார். அங்கு அவரது பேஸ்புக் கடவுச்சொல் கேட்கப்பட்டது. அவர் அதைச் சொன்னார். விசாரித்த அலுவலர் அவர் முன்னிலையிலேயே உள்ளே நுழைந்து படிக்கத் தொடங்கினார். கொலின்ஸ் பின்னர் இதனைப் பகிரங்கமாகச் சொன்னபோது இரண்டு விடயங்களை வலியுறுத்தினார். தனக்கு அந்த வேலை அவசியமாக இருந்தபடியால் விருப்பமின்றியே கொடுத்தேன் என்பது ஒன்று. தன்னுடைய அந்தரங்கம் மட்டுமன்றித் தனது நண்பர்களுடைய அந்தரங்கமும் அங்கே மீறப்பட்டது என்பது மற்றது.

அமெரிக்கக் குடியுரிமைகள் ஒன்றியம் 2011இன் தொடக்கத்தில் இவ்விடயத்தைக் கையிலெடுத்தது. திணைக்களம் கடவுச்சொல் கேட்பதை நிறுத்தியது. ஆனால் அதற்குப் பதிலாக, விண்ணப்பதாரர் 'தாமாக விரும்பினால்' தமது கணக்கைத் தாமே திறந்து அலுவலர் பார்க்கக் காட்டலாம் என்று ஒரு வழியைக் கண்டது. வேலையை விரும்புகிறவர்களில் ஏறத்தாழ எல்லோருமே 'விரும்பினார்கள்'. திணைக்களம் சொன்ன காரணம் ஒன்றுதான். சிறைக்குள் இயங்கும் குற்றக் கும்பல்களுடன் தொடர்புடையவர்கள் காவலர்களாக நுழைந்துவிடக் கூடாது. திணைக்களம் தந்த கணக்கின்படி, 2,689 பேரைப் பரிசீலித்ததில், பக்கங்களில் காணப்பட்டவற்றின் காரணமாக வேலை மறுக்கப்பட்டவர்கள் ஏழு பேர்.

ஏழு என்ற எண்ணைப் பற்றி நிறைய விவாதிக்கலாம். ஏழு கும்பல்காரரைத் தடுத்தது வெற்றியல்லவா என்று ஒருவர் கேட்கலாம். ஏழு பேருக்காக இத்தனை பேரை ஆராய்வதா என்று இன்னொருவர் கேட்கலாம். ஆனால் இந்தக் கணக்கில் இடம்பெறாத ஒரு கூட்டம் உண்டு. அந்தப் பக்கங்களில் இருந்த நண்பர்கள், சகோதரிகள், பழைய காதலர்கள், நோயைப் பற்றி எழுதியவர்கள், கடன் கேட்டு எழுதியவர்கள். இவர்கள் எவரும் சிறைச்சாலையில் வேலை கேட்கவில்லை. இவர்களை எவரும் எண்ணவுமில்லை. இக்கட்டுரை அவர்களைப் பற்றியதே.

*

'மறைப்பதற்கு ஒன்றுமில்லாதவனுக்கு என்ன பயம்?' இவ்விடயத்தைக் கதைக்கத் தொடங்கியதுமே எழும் முதலாவது கேள்வி இது. எமக்கு நன்கு பழக்கமான கேள்வி. சோதனைச் சாவடிகளில் வெவ்வேறு மொழிகளில் நாம் இதைக் கேட்டிருக்கின்றோம்.

இக்கேள்விக்கு வழமையாகச் சொல்லப்படும் பதில், ஒவ்வொருவருக்கும் மறைப்பதற்கு ஏதோவொன்று உண்டு என்பது. இது உண்மைதான். ஒரு பெண் கர்ப்பமாக இருப்பது, ஒருவர் தொழிற்சங்கத்தில் ஈடுபாடுள்ளவராக இருப்பது, எந்த மதம், எந்த அரசியல், என்ன நோய் - நேர்முகத்தில் கேட்கக்கூடாதென்று பல நாடுகளின் சட்டங்கள் தடுத்து வைத்திருக்கும் இவையெல்லாம் ஒரு கணக்கைத் திறந்ததும் கேள்வியே இல்லாமல் மேசைக்கு வந்துவிடுகின்றன. காரணம் சொல்லாமலே ஒருவரை நிராகரிக்கலாம். நிராகரிக்கப்பட்டவருக்கு ஏன் என்று ஒருபோதும் தெரியவராது.

ஆனால் இந்தப் பதில் போதுமானதல்ல என்றே எனக்குப் படுகின்றது. ஏனெனில் அது கேள்வி கேட்டவருடைய தளத்திலேயே நின்று பதில் சொல்கின்றது. 'உன்னிடம் மறைப்பதற்கு ஏதுமுண்டா' என்றால் 'ஆம், உண்டு' என்கின்றது. தன்னிடம் மறைப்பதற்கு உண்மையிலேயே எதுவுமில்லாத ஒருவரை நினைத்துப் பாருங்கள். தன்னைப் பற்றி எதை யார் அறிந்தாலும் கவலைப்படாத ஒரு மனிதர். அவர் கடவுச்சொல்லைக் கொடுத்துவிடலாமா?

கொடுக்க முடியாது என்பதுதான் என் வாதம். காரணம், அந்தக் கணக்கின் உள்ளே கிடப்பவற்றிற் பெரும்பகுதி அவருடையதல்ல. அவருக்கு மற்றவர்கள் சொன்னவை அவை. அவரை நம்பி, அவருக்கென்று மட்டும் சொன்னவை. ஒரு கடிதத்தின் தாள் பெறுபவருக்குச் சொந்தமாகலாம். கடிதத்திலுள்ள நம்பிக்கை எழுதியவரும் பெறுபவரும் சேர்ந்து வைத்திருப்பது. இரண்டு பேர் சேர்ந்து வைத்திருக்கும் ஒன்றை ஒருவர் மட்டும் ஈடு வைத்து வேலை வாங்க முடியாது.

இந்த நிலையை எமது வாழ்வுக்கு அருகில் கொண்டுவந்து பார்ப்போம். கனடாவிலோ பிரான்சிலோ நோர்வேயிலோ வேலைக்குப் போகும் ஒருவரின் கணக்கில் ஊரிலிருக்கும் ஒருவர் எழுதிய செய்திகள் இருக்கும். காணாமற்போனவர்களைப் பற்றி, காணி பிடிக்கப்பட்டதைப் பற்றி, நினைவேந்தலுக்குப் போனதைப் பற்றி. இலங்கையில் 2020ஆம் ஆண்டின் பின்னர் முகநூற் பதிவுகளுக்காகத் தமிழ் இளைஞர்கள் பயங்கரவாதத் தடைச் சட்டத்தின்கீழ் கைதுசெய்யப்பட்டிருக்கின்றார்கள். 2024இல் இணையப் பாதுகாப்புச் சட்டம் என்ற இன்னொன்றும் வந்தது. ஒஸ்லோவில் ஒரு களஞ்சியசாலை வேலைக்கு விண்ணப்பித்தவர் தன் கணக்கைத் திறந்து காட்டினால், அவருக்கு அதனால் எதுவும் நேராமல் இருக்கலாம். ஆனால் முல்லைத்தீவிலிருந்து எழுதியவர், தான் எழுதியதை ஒஸ்லோவில் முகம் தெரியாத ஒரு அலுவலர் படிக்க ஒருபோதும் சம்மதித்ததில்லை. அந்த அலுவலர் படித்ததை எங்கே குறித்துவைத்தார், யாரிடம் சொன்னார் என்பதை அறியும் வழியும் அவருக்கில்லை.

*

அந்தரங்கம் என்பதே மேற்கத்தையக் கண்டுபிடிப்பு, எமது சமூகத்தில் அப்படியொன்று இருக்கவில்லை என்று சொல்பவர்கள் உள்ளனர். ஆளுக்கொரு அறையில்லை, கதவுகள் பகலில் திறந்தே கிடந்தன, வேலிக்கு மேலால் அயல்வீட்டின் குசினி வரைக்கும் தெரிந்தது, அடுத்த வீட்டில் என்ன கறியென்று எல்லோரும் அறிந்திருந்தார்கள், பிறகென்ன அந்தரங்கம் என்பது அவர்களுடைய வாதம்.

இதில் ஒரு பாதி உண்மை உண்டு. அமெரிக்காவில் 1890இல் வாரன், பிரண்டைஸ் என்ற இரு சட்டவறிஞர்கள் எழுதிய கட்டுரையொன்று அந்தரங்க உரிமை பற்றிய நவீன சிந்தனைக்கு அடித்தளமிட்டது எனச் சொல்லப்படுகின்றது. தன்னைத் தனியே விட்டுவிடும்படி கேட்கும் உரிமை என்றே அந்த மரபு அந்தரங்கத்தை விளங்கிக்கொண்டது. தனித்திருக்கும் ஒரு மனிதன், அவனைச் சுற்றி ஒரு சுவர். எமது முற்றங்களில் இந்த மனிதனைத் தேடினால் கிடைக்கமாட்டான்.

ஆனால் எமது முற்றங்களில் வேறொன்று இருந்தது. எதை யாரிடம் சொல்லலாம், எதை யாரிடம் சொல்லக்கூடாது என்ற மிக நுட்பமான ஒழுங்கு இருந்தது. கிணற்றடியில் சொன்னது கிணற்றடியோடு நிற்க வேண்டும். சிநேகிதிக்குச் சொன்னது மாமிக்குப் போகக்கூடாது. 'உனக்கு மட்டும் சொல்லுறன்' என்று தொடங்கும் வாக்கியத்துக்கு ஒரு பாரம் இருந்தது. அதைக் காப்பாற்றாதவரை ஊர் 'வாய் காவாதவர்' என்று ஒதுக்கி வைத்தது. இங்கே அந்தரங்கம் என்பது தனி மனிதனைச் சுற்றிய சுவராக இல்லாமல் இரண்டு பேருக்கிடையில் போடப்பட்ட பாயாக இருந்தது. இன்று முகநூலிலும் வட்ஸ்அப்பிலும் உண்மையில் நடப்பதை விளங்கிக்கொள்வதற்கு, தனியே விடப்பட வேண்டிய மனிதன் என்ற கருத்தைவிட இந்தக் கிணற்றடி ஒழுக்கமே அதிகம் உதவுகின்றது. யாரும் தனித்திருப்பதற்காக முகநூலில் சேருவதில்லையே.

இந்த இடத்தில் ஓர் எச்சரிக்கையும் அவசியம். 'வீட்டுக் கதை வீட்டோடு' என்ற எமது ஒழுக்கம் எத்தனை பெண்களின் மீதான வன்முறையை மூடிவைத்தது என்பதைப் பெண்கள் சந்திப்புகளிலும் சஞ்சிகைகளிலும் எமது பெண்கள் பல ஆண்டுகளாகச் சொல்லி வருகின்றார்கள். அந்த மௌனத்தைப் புகழ்வது என் நோக்கமல்ல. மாறாக, அடிவாங்கிய பெண் முதன்முதலாக வாய் திறப்பது பெரும்பாலும் ஒரு சிநேகிதியிடந்தான். பொலிசிடமோ மேடையிலோ அது தொடங்குவதில்லை. இரவில், பிள்ளைகள் படுத்த பிறகு, ரெலிபோனில் எழுதும் நாலு வரியிலே தொடங்குகின்றது. அந்த நாலு வரியைச் சிநேகிதியின் வருங்கால முதலாளியும் படிக்கக்கூடும் என்றிருந்தால் அவள் எழுதவே மாட்டாள். ஆக, நம்பிக்கைக்கான இடம் அழிந்தால் வெளிச்சம் கூடிவிடாது. மௌனந்தான் கூடும்.

*

எமது அனுபவத்தில் இதற்குக் கொடூரமான ஒரு முன்மாதிரி இருக்கின்றது. சுற்றிவளைப்புகளில் கொண்டுவந்து நிறுத்தப்பட்ட தலையாட்டி. சாக்கினால் முகம் மூடி, கண்ணுக்கு இரண்டு துவாரம் வெட்டி, வரிசையில் வந்தவர்களைப் பார்த்துத் தலையை அசைத்தவன். அவனைத் துரோகி என்று நாம் இலகுவாகச் சொல்லிவிட்டோம். ஆனால் தலையாட்டிகளிற் பலர் அடித்துத் துன்புறுத்தப்பட்ட கைதிகள் என்பது எமக்குத் தெரியும். தன் உயிரைக் காப்பாற்றுவதற்கு அவனிடம் விலையாகக் கேட்கப்பட்டது அவனுக்குச் சொந்தமில்லாத ஒன்று. மற்றவர்களை அவன் அறிந்திருந்தான் என்பது.

ஒரு வேலைக்கான நேர்முகத்தைச் சுற்றிவளைப்புடன் ஒப்பிடுவது மிகைப்படுத்தலாகத் தோன்றலாம். விளைவுகளைப் பொறுத்தவரை இரண்டுக்கும் எவ்வித ஒப்புமையும் இல்லை. அங்கே உயிர்கள் போயின. நான் ஒப்பிடுவது கோரிக்கையின் அமைப்பை மட்டும். 1990களில் யாழ்ப்பாணத்தை விட்டு வெளியேற இயக்கத்திடம் 'பாஸ்' எடுக்க வேண்டியிருந்தபோது, அதற்கு ஒருவரைப் பிணையாக நிறுத்த வேண்டியிருந்ததையும் நினைத்துப் பாருங்கள். ஒருவருடைய பயணத்துக்கு இன்னொருவருடைய இருப்பு விலை. இராணுவமாயினும் இயக்கமாயினும் கம்பனியாயினும், தன்முன் நிற்கும் ஒருவனின் தேவையைப் பயன்படுத்தி, அங்கே இல்லாத இன்னொருவனை அடைவது ஒரே வகைக் காரியமே. கண்காணிக்கும் அதிகாரம் தானாகத் தேடிப்போக வேண்டியதில்லை. எமது உறவுகளே அதற்கு வழிகாட்டிகளாக மாற்றப்படுகின்றன.

'ஆனால் கடவுச்சொல்லைக் கொடுத்தவர் தாமாகத்தானே கொடுத்தார்?' என்பது அடுத்த வாதம். விருப்பமில்லையென்றால் வேறு வேலை தேடியிருக்கலாமே. மொழி விளங்காத படிவங்களிற் கையொப்பமிட்டு இந்த நாடுகளில் வாழ்வைத் தொடங்கிய எமக்கு இதற்குப் பதில் சொல்லிக்கொடுக்கத் தேவையில்லை. வீட்டு வாடகை, பிள்ளையின் பாடசாலை, ஊருக்கு மாதாமாதம் அனுப்ப வேண்டிய காசு, சிலருக்கு வேலையோடு பிணைக்கப்பட்ட விசா. இவையெல்லாம் கூடவே இருந்து அந்த ஒப்புதலில் கையொப்பமிடுகின்றன. ஐரோப்பிய ஒன்றியத்தின் தரவுப் பாதுகாப்பு அதிகாரிகளின் குழு 2017 யூனில் வெளியிட்ட கருத்துரையும் ஏறத்தாழ இதையே சொல்கின்றது. வேலை கொடுப்பவருக்கும் வேலை செய்பவருக்கும் இடையில் அதிகாரம் சமமாக இல்லாதபடியால் அங்கே ஒப்புதல் என்பது சுதந்திரமாகத் தரப்பட்டதாகக் கொள்ளப்படுவது அரிது. ஒருவரின் பக்கம் எல்லோருக்கும் தெரியும்படி இருக்கிறது என்பதற்காக மட்டும் வேலை கொடுப்பவர் அதைத் தன் தேவைக்கு எடுத்துக்கொள்ள முடியாது என்றும் அது சொல்கின்றது.

இங்கே நான் ஒரு படி மேலே போக விரும்புகின்றேன். ஒப்புதல் உண்மையிலேயே சுதந்திரமாகத் தரப்பட்டிருந்தாலும் அது அரை ஒப்புதலே. மீதி அரை, அங்கே இல்லாதவர்களுடையது. அவர்களை யாரும் கேட்கவில்லை.

*

தத்துவத்தில் இதற்கு மிகக் கிட்டிய ஒரு பழைய விவாதம் உண்டு. கொலைகாரன் ஒருவன் கதவைத் தட்டி, உன் நண்பன் உள்ளே இருக்கிறானா என்று கேட்கின்றான். நண்பன் உள்ளே ஒளித்திருக்கின்றான். பொய் சொல்லலாமா? சொல்லக்கூடாது என்று ஜேர்மன் தத்துவஞானி இம்மானுவேல் கான்ட் 1797இல் எழுதினார். உண்மை பேசும் கடமைக்கு விதிவிலக்கு வைத்தால் வாக்குறுதி, ஒப்பந்தம் என்பவற்றின் அடிப்படையே ஆட்டங்காணும் என்பது அவருடைய நியாயம். இரவில் கதவு தட்டப்படும் ஓசையை அறிந்தவர்கள் இந்த முடிவை ஏற்பது கடினம். எத்தனை தாய்மார் கண்ணிமைக்காமல் 'ஒருத்தரும் இல்லை' என்று சொல்லிப் பிள்ளைகளைக் காப்பாற்றினார்கள்.

அதே கான்ட் பிறந்த மொழியில், அதே நாட்டின் தொழில் நீதிமன்றங்கள் வேறொரு கோட்பாட்டை வளர்த்தெடுத்தன என்பது சுவையான விடயம். நேர்முகத்தில் கேட்கக்கூடாத கேள்வியொன்று கேட்கப்பட்டால் விண்ணப்பதாரர் அதற்குப் பொய்யான பதிலைச் சொல்லலாம். பின்னர் உண்மை தெரியவந்தாலும் அதைக் காரணமாக வைத்து அவரை வேலையிலிருந்து நீக்க முடியாது. நீங்கள் கர்ப்பமா என்ற கேள்வி இதற்கு நல்ல உதாரணம். மௌனமாக இருந்தால் போதாதா என்று கேட்கலாம். போதாது. இப்படியான கேள்விக்கு மௌனமே ஒரு பதிலாகிவிடும் என்பதை நீதிமன்றங்கள் புரிந்துகொண்டன. கேட்கும் உரிமை இல்லாதவனுக்கு உண்மையைப் பெறும் உரிமையும் இல்லை என்பது இதன் சாரம்.

இப்போது கடவுச்சொல்லுக்குத் திரும்புவோம். கடவுச்சொல்லைக் கேட்பவர் கேள்வியே கேட்பதில்லை. ஆகவே பொய்க்கும் இடமில்லை, மௌனத்துக்கும் இடமில்லை. வாசலில் நிற்கும் தாய்க்கு இருந்த கடைசிப் பாதுகாப்பு, 'ஒருத்தரும் இல்லை' என்று சொல்ல முடிந்தமை. வாசலைத் தாண்டி உள்ளே வந்து அறை அறையாகப் பார்ப்பவனிடம் அதைச் சொல்ல முடியாது. ஒரு மனிதரை நேர்முகம் காண்பதற்கும் அவரைச் சோதனையிடுவதற்கும் உள்ள வித்தியாசம் இதுதான். நேர்முகத்தில் அவர் பேசுகின்றார். தன்னை எப்படி முன்வைப்பது, எதைச் சொல்வது, எதை விடுவது என்று தீர்மானிக்கின்றார். சோதனையில் அவர் ஒரு பொருள். அவரோடு சேர்த்து அவருடைய நண்பர்களும் பொருட்கள்.

*

மேரிலண்ட் திணைக்களத்தின் பயம் பொய்ப் பயம் என்று யாரும் சொல்ல வேண்டாம். 2013 ஏப்ரலில், அதே மாநிலத்தின் போல்ரிமோர் நகரத் தடுப்புச் சிறையில் ஒரு குற்றக் கும்பலுக்குப் போதைப்பொருளும் ரெலிபோன்களும் கடத்திக் கொடுத்ததாகப் பதின்மூன்று பெண் காவலர்கள்மீது மத்திய அரசு குற்றஞ்சாட்டியது. நாடே அதிர்ச்சியடைந்த வழக்கு அது. அப்போது மேரிலண்டில் கடவுச்சொல் கேட்பதைத் தடுக்கும் சட்டம் நடைமுறைக்கு வந்து சில மாதங்களே ஆகியிருந்தன. 'பார்த்தீர்களா, நாங்கள் கேட்டதில் என்ன பிழை?' என்று திணைக்களத்தைச் சார்ந்தவர்கள் கேட்டிருந்தால் அதில் ஒரு நியாயம் இருந்திருக்கும்.

ஆனால் அந்தக் கும்பல் எப்படிப் பிடிபட்டது என்பதையும் பார்க்க வேண்டும். குறிப்பிட்ட ஆட்கள்மீது குறிப்பிட்ட சந்தேகம் எழுந்தது. சட்டப்படி அனுமதி பெற்று அவர்களுடைய ரெலிபோன் உரையாடல்கள் ஒட்டுக்கேட்கப்பட்டன. அதுவும் அந்தரங்கத்துக்குள் நுழைவதுதான். ஆனால் ஏன் நுழைகிறோம் என்று ஒரு நீதிபதிக்குச் சொல்ல வேண்டியிருந்தது. எல்லை வகுக்கப்பட்டிருந்தது. பின்னர் நீதிமன்றத்தில் அதைக் கேள்விக்குட்படுத்தவும் முடிந்தது. வேலைக்கு வருகிற எல்லோரையும் சந்தேகத்துக்குரியவர்களாக வைத்துக்கொண்டு, பசியை அனுமதிப்பத்திரமாகப் பயன்படுத்தி உள்ளே நுழைவதில் இவை எதுவுமில்லை. ஆபத்து உண்மையானது என்பதற்காக எந்த வழியும் நியாயமாகிவிடாது என்பதை எமது போராட்டத்தின் வரலாறும் எமக்குக் கற்பித்திருக்க வேண்டும்.

சட்டம் ஓரளவுக்கு விழித்துக்கொண்டது. மேரிலண்ட் 2012 மே மாதத்தில் இவ்வாறான கோரிக்கையைத் தடைசெய்த முதல் அமெரிக்க மாநிலமாகியது. அதே ஆண்டில் இலினோயும் கலிபோர்னியாவும் சட்டமியற்றின. கலிபோர்னியச் சட்டம், வேலை கொடுப்பவர் பக்கத்திலிருந்து பார்க்கும்போது கணக்கைத் திறந்து காட்டச் சொல்வதையும் சேர்த்தே தடுத்தது. இன்று இருபதுக்கும் மேற்பட்ட மாநிலங்களில் இப்படிச் சட்டங்கள் உள்ளன. நாடு முழுவதற்குமான சட்டமாக்கும் முயற்சிகள் நிறைவேறவில்லை. 2013இல் நியூஜேர்சி இயற்றிய சட்டத்தில் ஒரு விசித்திரம். சிறைச்சாலைத் திணைக்களத்துக்கும் பொலிசுக்கும் அது பொருந்தாது. அதாவது, கொலின்ஸ் நியூஜேர்சியில் வேலை செய்திருந்தால், அவருக்கு நடந்ததிலிருந்தே பிறந்த சட்டம் அவரைக் காப்பாற்றியிராது. ஜேர்மனியில் 2010 ஓகஸ்டில் அரசு ஒரு சட்டவரைவைக் கொண்டுவந்தது. தொழில்சார் வலைத்தளங்களைப் பார்க்கலாம், நட்புக்கான வலைத்தளங்களை வேலை கொடுப்பவர் பார்க்கக்கூடாது என்ற வேறுபாடு அதிலிருந்தது. 2013இல் அது கைவிடப்பட்டது.

இதற்கிடையில், முதலாளிகளிடமிருந்து தட்டிப் பறிக்கப்பட்ட கேள்வியை அரசுகள் தம் கையில் எடுத்துக்கொண்டன. 2019 மே மாத இறுதியிலிருந்து அமெரிக்க விசா விண்ணப்பப் படிவம், முந்தைய ஐந்து ஆண்டுகளில் விண்ணப்பதாரர் பயன்படுத்திய சமூக வலைத்தளப் பெயர்களைக் கேட்டு வருகின்றது. 2025 யூனில், மாணவர் விசா கேட்பவர்கள் தமது கணக்குகளை எல்லோரும் பார்க்கும்படி திறந்து வைக்க வேண்டும் என்று அறிவிக்கப்பட்டது. கடவுச்சொல் கேட்கப்படவில்லை. கதவைக் கழற்றி வைக்கும்படிதான் கேட்கப்பட்டது. ஜேர்மனியில் 2017இன் சட்டமொன்று, அடையாளப் பத்திரமில்லாத அகதிகளின் கைத்தொலைபேசிகளை வாசிக்க அதிகாரிகளுக்கு இடமளித்தது. அதை எடுத்த எடுப்பிலேயே, வேறு வழிகளைப் பார்க்காமல் செய்தது சட்டவிரோதம் என்று 2023 பெப்ரவரியில் மத்திய நிர்வாக நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஓர் அகதியின் கைத்தொலைபேசியில் இருப்பது யார்? விட்டுவிட்டு வந்த எல்லோரும்.

*

கடைசியாக, எம்மைப் பற்றி. இந்தக் கேள்வியைக் கம்பனிகளும் அரசுகளும் மட்டும் கேட்பதில்லை. புலம்பெயர்ந்த எமது கடைகளிலும் உணவகங்களிலும் வேலை கேட்டுப் போகும் ஒரு பொடியனிடம் முதலில் கேட்கப்படுவது என்ன? 'தம்பி, ஊரில எவடம்?' மிக அன்பாகக் கேட்கப்படும் கேள்வி அது. ஊரைச் சொன்னால் ஊரில் எந்தப் பக்கம், கோயிலுக்குக் கிட்டவா, ஆற்றை பிள்ளை, தாயின் ஊர் எது என்று போகும். அவனிடம் எந்தக் கடவுச்சொல்லும் கேட்கப்படவில்லை. ஆனால் ஐந்து நிமிடத்தில் அவனுடைய சாதி, குடும்பம், யார் எந்த இயக்கத்தில் இருந்தார்கள் என்பதெல்லாம் முதலாளியின் முன்னால் விரிந்துவிடும். கோப்பை கழுவும் வேலைக்கும் இவற்றுக்கும் என்ன சம்பந்தம்? நீ எந்தப் பக்கம், யாரோடு பழகுகிறாய், யாருடைய கூட்டத்துக்குப் போனாய் என்று எமது அமைப்புகளும் ஒருவரையொருவர் நீண்டகாலமாகக் கேட்டு வந்திருக்கின்றன. ஒருவரின் நண்பர் பட்டியலைப் பார்த்து அவரை நிறுப்பது எமக்குப் பேஸ்புக் வருவதற்கு முன்பே தெரிந்த வித்தை.

ஆகவே, வெள்ளைக்கார முதலாளி கேட்டால் உரிமை மீறல், எமது முதலாளி கேட்டால் ஊர்ப்பற்று என்று இரண்டு அளவுகோல்கள் வைத்திருக்க முடியாது. வேலைக்குத் தேவையானதை வேலை கேட்பவரிடமே கேட்க வேண்டும். அவர் சொல்வதைச் சரிபார்க்க வழிகள் உள்ளன. அதற்கு அப்பால் அவருடைய உறவுகளின் வழியாக அவரை அடைய முயல்வது, யார் செய்தாலும், அங்கே இல்லாத பலருக்குச் செய்யும் அநீதி.

எமது பிள்ளைகள் இப்போது முதல் வேலைகளுக்குப் போய்க்கொண்டிருக்கின்றார்கள். இணையத்தில் கண்டதையும் எழுதாதே, நாளைக்கு வேலை கிடைக்காது என்று நாம் அவர்களுக்குப் புத்தி சொல்கின்றோம். தேவையான புத்திதான். ஆனால் அதில் பயம் மட்டுமே இருக்கின்றது, தன்னைக் காப்பாற்றிக்கொள்ளும் பயம். அதோடு சேர்த்து இன்னொன்றையும் சொல்லிக்கொடுக்கலாம். யாராவது உன்னுடைய கணக்கைத் திறந்து காட்டச் சொன்னால், 'என்னிடம் மறைப்பதற்கு ஒன்றுமில்லை, ஆனால் இது என்னுடையது மட்டுமல்ல' என்று சொல்லலாம். அதனால் அந்த வேலை கிடைக்காமலும் போகலாம். பிள்ளையிடம் அதை ஒளிக்காமல் சொல்ல வேண்டும். அப்படிச் சொல்லிவிட்டு வேலையில்லாமல் வீட்டுக்கு வரும் பிள்ளையை, 'ஏன் இந்த வீண் பிடிவாதம்' என்று நாம் கேட்காமல் இருக்கவும் வேண்டும்.